பார்க்கப் பார்க்க மங்கும் பச்சை

கம்ப்யூட்டர் மறுபடியும் அசையாமல் நின்றுவிட்டது. ஷர்மிளா அதை அணைத்துத் திரும்பப் போட்டுவிட்டு மைக்ராஸ்கோப் விளக்கின் ஷட்டரை மூடினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலூரில் அந்த ஆராய்ச்சிக் கட்டிடமே காலி. அதனால்தான் இருட்டறை அவளுக்குக் கிடைத்தது. செல்லின் மேல்சவ்வில் ஒரே ஒரு வகைக் கொழுப்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் பெப்டைடு, ஒரு புரதத் துணுக்கு. அதன் கடைசிச் சொட்டு இந்த ஸ்லைடில் இருந்தது. கழுவும்போது செல்கள் போனது போக, ஓரத்தில் ஒரு கூட்டம்தான் மிச்சம். வெளிச்சம் படப்பட அந்தப் பச்சை செத்துவிடும். கம்ப்யூட்டர் எழுந்ததும் படம் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு தரம் பெப்டைடு வாங்க கைடு சார் சம்மதிக்க மாட்டார்.

போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து அம்மா அமிர்தவள்ளி. அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் இன்று லீவு.

"சாப்ட்டியாடி?"

"சாப்ட்டேன்." சாப்பிடவில்லை. "நீ?"

"எங்க. ஒருத்திக்குன்னு அரிசி போட கையே வர்ல. உங்கப்பா இருந்தப்ப போட்ட அளவுதான் வருது. இன்னா பண்றே?"

வழக்கமாக "வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இன்று சொன்னாள். "செல்லுக்குத் தோலு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல இருக்கிற கொழுப்பைப் பாத்துக்கினு இருக்கேன்."

"தோல் வாடையே வேணாம்னுதான வேலூருக்கு ஓடுனே? அங்கயும் தோலும் கொழுப்புமா?" அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. "எனக்கும் காட்டேன், வீடியோல."

"ரொம்ப நேரம் பாக்கக் கூடாதும்மா."

"ஏன், பாத்தா தேஞ்சா பூடும்?"

ஷர்மிளா வீடியோவைப் போட்டு, போனைக் கண்வில்லையில் பொருத்தி, ஷட்டரைத் திறந்தாள்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"யம்மா... பச்ச வளையலு கொட்டி வெச்சாப்ல இருக்குதுடி."

"அவ்ளோதாம்மா. மூடிர்றேன்."

"இருடி. எல்லாம் ஒட்டிக்கினு இருக்குது, ஓரமா ஒண்ணு மட்டும் தனியா நிக்குதே. அதைக் காட்டு."

திருகைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்தாள். பின்னால் கம்ப்யூட்டர் எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. ஷட்டர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"மங்கலாவுதே. என் கண்ணா?"

"உன் கண்ணு நல்லாத்தாம்மா இருக்குது. சிக்னல் கம்மி."

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருடி."

இரண்டு கைகளாலும் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். திரை முழுக்க அம்மாவின் முகம், நெற்றி இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்திருந்தது. மூலையில், சின்னச் சதுரத்துக்குள், வளையம் வெளுத்துக்கொண்டிருந்தது.