பழக்கம் என்று எழுதிவிட்டேன்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன்.

அரியலூர் ஜியு-ஜிட்சு வகுப்பில் ஜோடிப் பயிற்சியை முட்டிக்கால் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜிம்முக்கு மேல்மாடி, கான்கிரீட் தரை, அதன் மேல் மெல்லிய ரப்பர் பாய். நின்றபடி யாரையும் வீசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். என் ஜோடி பூங்குழலியின் காலர் என் கையில் இருந்ததால் அவளும் கூடவே எழுந்தாள். தோளில் ஏற்றி வீசிவிட்டேன். அவள் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சொல்லிக்கொடுக்கும் ராஜராஜன் அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

"ஏம்மா வளர்மதி, ஜூடோவ கீழ செருப்பு விடுற எடத்துலயே விட்டுட்டு வான்னு எத்தன தடவ சொல்றது?"

"பழக்கத்துல வந்துடுச்சுண்ணே."

கீழே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து ஒத்தடம் கொடுத்தேன். "அழாதடி, கை என்னுது" என்றாள் பூங்குழலி. நான் அழவில்லை. வியர்வைதான்.

காரணம்: பழக்கம். திங்கள், புதன், வெள்ளி பெரம்பலூரில் ஜூடோ. செவ்வாய், வியாழன், சனி இங்கே. உடம்புக்குக் கிழமை தெரியவில்லை.

9 ஜூலை, புதன்

ரெட்டிபாளையம் சிமெண்ட் லேபில் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. மூன்றரை பஸ்ஸில் பெரம்பலூர். வழி முழுக்க சுண்ணாம்புக்கல் லாரிகள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தூசி. சாத்தியே வைத்திருந்தேன்.

ஜூடோவில் எனக்கு ஜோடி கிடையாது. ஒன்று, பாதி எடையில் பள்ளிப் பிள்ளைகள். இல்லையென்றால் எண்பது கிலோவுக்கு மேல் ஆண்கள். அதனால் பயிற்சியாளர் இளையபெருமாள் சார் தூணில் ஒரு சைக்கிள் ட்யூபைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஆள் இருப்பதாக நினைத்து அதை இழுத்துத் திரும்ப வேண்டும். இன்று இருநூறு முறை. வலது பக்கம் நூற்றிருபது, இடது பக்கம் எண்பது.

கடைசிப் பத்து நிமிடம் ஒரு பிளஸ் டூ பெண்ணோடு விட்டார். அவள் தள்ளியதும் நான் தானாகவே மல்லாந்து படுத்துக் காலால் அவளை வளைத்துக்கொண்டேன். அது ஜியு-ஜிட்சு. அங்கே மல்லாந்து படுப்பவர் பாதுகாப்பாக இருப்பார். ஜூடோவில் முதுகு தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது.

"எந்திரிங்க மேடம்" என்றார் சார். "பாய் விரிச்சுத் தூங்குறதெல்லாம் அரியலூர்ல வச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும்.

ஜூடோ ஆளைத் தரைக்குக் கொண்டுபோகும், ஜியு-ஜிட்சு தரையில் ஆரம்பிக்கும், இரண்டையும் கற்றால் முழுசாகும் என்று கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தேன். பத்து மாதம் ஆகிறது. இரண்டு இடத்திலும் நான் அடுத்த ஊர்க்காரி.

பூங்குழலிக்கு இரண்டு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

11 ஜூலை, வெள்ளி

நேற்று வகுப்புக்குப் போகவில்லை. எழுதவும் இல்லை. ஹாஸ்டல் அறையில் கூட இருப்பவளுக்கு வேறு ஷிப்ட். நான் வரும்போது அவளுடைய ஈரத் துண்டு மட்டும் கொடியில் இருக்கும். நேற்று அதுவும் காய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வார்த்த சிமெண்ட் க்யூப்களில் மூன்றை இன்று உடைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் மூன்று, ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று. இரண்டாவது க்யூப் எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்ற எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். லேபில் தப்பான எண்ணைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. அப்படியே செய்தேன்.

மதியம் பூங்குழலி குரல் மெசேஜ் அனுப்பியிருந்தாள். டைப் பண்ண முடியவில்லையாம், அதனால்தான் தாமதமாம். "எக்ஸ்ரே எடுத்தாச்சு மதி. எலும்புல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான். மூணு வாரம் கட்டு. பழக்கத்துல வந்ததுக்கு நீ என்னடி பண்ணுவ, விடு."

நான்கு முறை கேட்டேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

இன்று ட்யூப் நூறோடு நிறுத்திவிட்டேன்.

12 ஜூலை, சனி

பூங்குழலி இல்லாததால் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எதிரில் உட்கார ஆள் இல்லை. பாயின் ஓரமாக, இறால் மாதிரி இடுப்பை மடக்கி நகரும் பயிற்சியைத் தனியாகச் செய்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பன்னிரண்டு நகர்வு. இருபது தடவை போய் வந்தேன். பையன்கள் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். மரியாதைதான், குறை சொல்ல முடியாது.

முடிந்ததும் ராஜராஜன் அண்ணன் கூப்பிட்டார்.

"ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறம்மா. பழக்கம்னு நீயே சொல்ற. பழக்கத்த நிறுத்த முடியலன்னா ஒண்ண விட்டுரு. ஜூடோவா, இதுவான்னு செவ்வாய்க்கெழம வந்து சொல்லு. அடுத்தது கழுத்து மடங்குச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

சரி என்று தலையாட்டினேன்.

ஹாஸ்டலுக்கு நடக்கும்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அன்று பூங்குழலி என்னை மூன்று முறை தோற்கடித்தாள். முதலாவது கழுத்துப் பிடி. இரண்டாவது கை மடக்கு. மூன்றாவதும் கழுத்துப் பிடி. மூன்று முறையும் பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டேன். நான்காவதுக்கு உட்காரும்போது அவள், "என்னடி, சிமெண்ட் இன்னும் கெட்டியாகலயா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் கேலி செய்தால் கோபம் வராது.

பிறகு ராஜராஜன் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

பழக்கத்தில் எழுந்தவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

14 ஜூலை, திங்கள்

இன்று ஜூடோவுக்குப் போகவில்லை. நான்கு மணிக்கு பூங்குழலி வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அவள் ஊசி குத்தினால் வலிக்காது என்று தேடி வருகிறவர்கள் உண்டு. இன்று ஊசி குத்தியது வேறொரு பெண். பூங்குழலி ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ரத்த ட்யூப்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கோணலாக ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினாள்.

"வாங்க சிமெண்ட் லேப்" என்றாள். "ரத்தம் குடுக்க வந்தியா, எடுக்க வந்தியா?"

பஸ்ஸில் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுதான் வந்தது.

"அது பழக்கம் இல்ல பூங்குழலி. தெரிஞ்சேதான் வீசுனேன்."

அவள் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "என்னது?"

"மூணு தடவ தோத்துட்டேன். ஒரு தடவயாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அண்ணன் பாக்குறாரான்னு பாத்துட்டு எந்திரிச்சேன். நீ கைய ஊனுவன்னு நெனைக்கல."

இரண்டு ட்யூப் ஒட்டினாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"வூட்ல அப்பா இனிமே அந்த வகுப்பே வேணாம்னாரு. அவ வேணும்னு செய்யலப்பா, பழக்கத்துல வந்துடுச்சுன்னு நான் ரெண்டு நாள் சண்ட போட்டேன். சாப்புடாமக்கூட இருந்தேன். கடசில சரின்னுட்டாரு." என்னைப் பார்த்தாள். "இப்ப நான் போயி என்னன்னு சொல்லட்டும்?"

கீழே விழுந்திருந்த ஒரு பெயர்ச் சீட்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீ விடுன்னு சொன்னது வேற ஒருத்திக்குச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் ட்யூப் தட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். போய்விடச் சொல்வாள் என்று நின்றேன். அவள் உட்காரவில்லை.

"நான் எப்படி விழுந்திருக்கணும்? அதச் சொல்லு மொதல்ல. அங்க யாரும் சொல்லித்தரல."

வராந்தாவில் காட்டினேன். தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். கையை ஊன்றவே கூடாது. முழங்கையிலிருந்து விரல் வரை முழுக் கையாலும் தரையை அடித்து, விழும் அடியைக் கை முழுக்கப் பிரித்துவிட வேண்டும். குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் விழுந்தேன். டோக்கனோடு காத்திருந்த ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு, சாப்புடாம ரத்தம் குடுத்துட்டியா?"

பூங்குழலி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தவள்போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. ஜூடோவா இதுவான்னு நாளைக்குப் பதில் கேட்டுருக்காரு."

"பழக்கம்னா ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணுல இருப்ப. இதச் சொன்னா மாடிக்கே ஏறவேணாம்பாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கோ." பெயர்ச் சீட்டு ரோலைக் கையில் எடுத்தாள். "மூணு வாரம் ஆவட்டும். அப்பாகிட்ட உண்மையச் சொல்லித்தான் நான் வரணும்னா, வருவனான்னு தெரியல. இப்பக் கேக்காத."

கேட்கவில்லை. ஹாஸ்டலுக்கு வரும் வழியில் பெரம்பலூர் பஸ் ஒன்று காலியாக நின்றது. ஏறினால் தூணில் கட்டிய சைக்கிள் ட்யூபாவது இருக்கும் என்று தோன்றியது. ஏறவில்லை.

அறைக்கு வந்து எட்டாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். 'சின்ன' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. 'பழக்கம்' என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'ஜெயிக்க ஆசைப்பட்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதி போட்டேன். பழையதும் தெரிகிறது.

நாளை, செவ்வாய்: காலை ஆறு மணி ஷிப்ட். ஏழாம் நாள் க்யூப் மூன்று உடைக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன், ஹாலுக்குப் போய் ராஜராஜன் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவர் அனுமதித்தால் முட்டிக்காலில் ஆரம்பிக்க வேண்டும்.