எபியின் எண்ணுக்கு ஓய்வு

பொம்முராஜ் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுச் சுவருக்குத் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். சுவர் அசையவில்லை. அசைவதாக இருந்தால் அது பத்தாம் நம்பர் வீட்டை நோக்கித்தான் அசையும். மூன்று நாளாக அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்போது ஒன்றரை அடி மிச்சம். அந்த ஒன்றரை அடிக்குள்தான் அவர் வீடு இருந்தது. ஹால், சமையலறை, மொட்டைமாடி ஏணி, மனைவி கௌமாரி, எல்லாம் அதற்குள். வாசல் கதவு ஒரு ஸ்கேல் அகலத்துக்கு வந்துவிட்டது. காலையில் பால் வாங்க வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியவில்லை. பால் பாக்கெட் மட்டும் போயிற்று.

பன்னிரண்டாம் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். போன மாசம்தான் பெயின்ட் அடித்தது, பார்த்துத் தள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

செல்போன் அடித்தது. கௌமாரி.

"என்னங்க, இப்ப ஒருக்களிச்சுத்தான் நிக்க முடியுது. ரசத்தை இறக்கவா வேணாமா?"

"இறக்கிரு. நான் நகராட்சிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"அஞ்சு மணிக்கு நோட்டீஸ் ஒட்டிருவாங்களாம். ஒட்டிட்டா ரெண்டு சுவரும் ஒண்ணுதானாம். பத்தாம் வீட்டு அக்கா சொல்லுச்சு."

"அது எப்படி உங்கிட்ட சொல்லுச்சு?"

"சுவத்துக்குள்ள இருந்துதான்."

பொம்முராஜ் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார்.

அவருடைய வீட்டு எண், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்த எண். அந்த எண் இப்போது ஊரில் கிடையாது. பணி ஓய்வு பெற்றுவிட்டது.

காரணம் எபி. முழுப் பெயர் எபனேசர். ஆறடி நாலங்குலம். ஊர்க் கூடைப்பந்து அணியில் ஒன்பது வருஷம் அந்த எண் போட்ட ஜெர்சியில் ஆடியவன். மூன்று வாரத்துக்கு முன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே போனான், ஏன் போனான், ஒருவருக்கும் தெரியவில்லை. ரசிகர் மன்றத் தலைவர் அபுதாகிர் சைக்கிள் கடை வைத்திருப்பவர், உலக விஷயம் படிப்பவர். அமெரிக்காவில் பெரிய ஆட்டக்காரன் போனால் அவனுடைய எண்ணுக்கும் ஓய்வு கொடுத்துவிடுவார்கள், வேறு யாருக்கும் தர மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தார். மன்றம் கூடி நகராட்சிக்கு மனு எழுதியது. இந்த எண்ணை இனி எவரும் பயன்படுத்தக் கூடாது என்று எழுதினார்கள். ஜெர்சியில் என்ற ஒரு வார்த்தையை எழுத மறந்துபோனார்கள்.

சாக்கடைக்குக் கொடுத்த மனு ஆறு வருஷமாகத் தூங்குகிறது. இந்த மனு இரண்டே நாளில் பாஸானது.

அன்றிலிருந்து ஊர்க் கடிகாரங்கள் பத்து ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து பன்னிரண்டு அடித்தன. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே காணாமல் போயிருக்க வேண்டும். போர்டில் பிளஸ் ஒன் என்று எழுதியிருந்ததால் தப்பித்தது.

அணிக்கு மட்டும் யோகம். பத்துப் புள்ளியில் இருக்கும்போது ஒரு புள்ளிக்கான ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஸ்கோர் போர்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவியது. எதிரணிகள் அந்த எண்ணைத் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தன. அதனால் அவர்களுக்கு ஒவ்வொன்றாகத்தான் ஏறியது. எபி போன பிறகு நான்கு ஆட்டம். நான்கிலும் ஒரே ஒரு புள்ளியில் வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

நகராட்சிக்குள் அவர் நுழைந்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. எண்கள் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க வராந்தா நீண்டது. பாதி வழியில் பன்னிரண்டு அடித்தது.

வராந்தா பெஞ்சில் ஒல்லியான இரண்டு பேர் விறைப்பாக, ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சால்வை. காலடியில் வாடிய ரோஜா மாலை. பார்த்ததுமே பொம்முராஜுக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் அந்த எண்.

"எப்படி இருக்கு ரிட்டயர்மென்ட்?" என்று கேட்டார்.

"பொழுது போகல" என்றார் இடது பக்கத்தவர்.

"மகன் வீட்டுக்குப் போகலாமே?"

"அவன் இருபத்திரண்டு. வேலை ஜாஸ்தி. நாங்க போனா இடைஞ்சல்" என்றார் வலது பக்கத்தவர்.

திரும்பி வேலையில் சேர விருப்பமா என்று பொம்முராஜ் விசாரித்தார். உத்தரவு வந்தால் சேர வேண்டியதுதான், எங்கள் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்று இருவரும் சொன்னார்கள். ஒரே குரலில் சொன்னார்கள்.

எண்கள் பிரிவில் ஒரே ஒரு உதவியாளர். செண்பகவடிவு என்று மேஜைமேல் பெயர் இருந்தது. பொம்முராஜின் மனுவை வாங்கி, படிப்பதற்கு முன்னால் ஸ்கேலால் அளந்தார். நீளம் சரியாக இருந்தது.

"வீட்டுக்குப் பழைய எண் இருக்கா சார்?"

"இருக்கு மேடம். ஏழு."

"அதுல போகலாம். ஆனா பழைய வீடுதான் வரும். உங்க சம்சாரம் இருக்க மாட்டாங்க."

"வேற யாரு இருப்பா?"

"நீங்கதான். கல்யாணத்துக்கு முந்தி."

பொம்முராஜுக்கு ஒரு நிமிஷம் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பான்? ரேடியோவில் ஸ்கோர் கேட்டபடி தட்டை வழித்துக்கொண்டிருப்பான். பார்த்தால் பேச்சு வளரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் ஓய்வை ரத்து செய்வது ஒன்றுதான் வழி என்றார் செண்பகவடிவு. விதியை விளக்கினார். ஆட்டக்காரர் தானாகப் போயிருந்தால்தான் அவருடைய எண்ணுக்கு ஓய்வு செல்லும். யாராவது அனுப்பிப் போயிருந்தால் ஓய்வு செல்லாது, எண் உடனே பணிக்குத் திரும்ப வேண்டும். அனுப்பியவர் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டா அவருக்கு என்ன ஆகும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல சார். அவர் எங்க போனாலும் எதிர்ல ஒரு தூண் நிக்கும். கேலரியில எந்தப் படியில உட்கார்ந்தாலும் சரி. அதுக்கப்புறம் மேட்ச் பார்க்க முடியாது."

பொம்முராஜ் மின்விசிறியைப் பார்த்தார். மோட்டார் காயில் கட்டுவது அவருடைய தொழில். விசிறி சுற்றுவதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசிகர் மன்றத்தோட கருத்தையும் இணைக்கணும். ஒரு பக்கம் போதும். அந்தக் கதவு" என்றார் செண்பகவடிவு.

அந்தக் கதவைத் திறந்தால் கூடைப்பந்து மைதானத்தின் கேலரி.

மூன்று வாரமாக அங்கே விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கருத்துச் சொன்னவர் ஒரு படி மேலே ஏற வேண்டும், அதுதான் ஒழுங்கு. படிகள் தீர்ந்தால் புதிதாக முளைத்தன. இப்போது எல்லோரும் மிக உயரத்தில் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடை ஒரு மோதிரம், பந்து ஒரு சுண்டைக்காய். கீழே பயிற்சி நடப்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கவும் முடியாது.

பொம்முராஜ் மட்டும் இந்த மூன்று வாரமும் வாய் திறக்கவில்லை. ஆகவே அவர் முதல் படியிலேயே இருந்தார்.

எபி ரயில்வே வேலைக்குத்தான் போனான் என்பது பால்ச்சாமியின் கட்சி. ஒன்பது வருஷத்து ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆர்டர் வந்திருக்கும், சொல்லிக்கொண்டு போக வெட்கப்பட்டிருப்பான் என்றார். ஒரு படி ஏறினார். பி.டி. ஆசிரியை ஜெகதா ஒத்துக்கொள்ளவில்லை. கணுக்கால் போய்விட்டது, அதை மறைக்கத்தான் ஓடிவிட்டான் என்றார். ஏறினார். கோச் அவனை வெளியிலிருந்து கூடைக்கு அடியில் மாற்றி நிறுத்தினார் அல்லவா, அன்றைக்கே அவன் மனசு விட்டுப்போயிற்று என்றார் அபுதாகிர். அவரும் ஏறினார்.

பிறகு பேச்சு அணியின் ஆட்டத்துக்குத் தாவியது. எபி பந்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று ரசிப்பான், டிஃபென்ஸுக்கு என்றைக்கு இறங்கி வந்தான் என்று பால்ச்சாமி கேட்டார். இப்போதுதான் ஐந்து பேரும் ஆடுகிறார்கள், முன்பு நான்கு பேர் அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கவே வைத்திருந்த ஆட்கள் என்றார் ஜெகதா டீச்சர். நான்கு வெற்றியும் கோச்சின் திட்டம் என்று முடிவானது. பத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவும் அந்த ஒரு புள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் படி இறங்க வேண்டியிருக்குமோ என்னவோ.

பொம்முராஜ் கீழேயிருந்து தன் நிலைமையைச் சொன்னார். வீடு, ஒன்றரை அடி, கௌமாரி, ஐந்து மணி. எபி தானாகப் போகவில்லை என்று மன்றம் எழுதிக் கொடுத்தால் எண் திரும்பிவிடும் என்றார்.



"மாப்ள, எண்ணு திரும்பி வந்தா ஞாயித்துக்கெழம கப்பு வருமா?" என்று அபுதாகிரின் குரல் இறங்கி வந்தது.

"வராது பாய்."

"அப்பறம்? பதினாறு வருஷங்கழிச்சு ஃபைனலுக்கு வந்துருக்காய்ங்க. உன் ஒருத்தன் வீட்டுக்காக விட்டுறச் சொல்றியா?"

"வீட்டுக்குள்ள கௌமாரி இருக்கா பாய்."

"தங்கச்சி ஒல்லியான ஆளுதான. சமாளிச்சுரும்."

பால்ச்சாமி சிரித்தார். சிரிப்பு கீழே வந்து சேர நேரமாயிற்று. ஜெகதா டீச்சர் மட்டும் படியின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"பொம்முராஜண்ணே, கடைசியா அவன் பேசுனது உங்ககிட்டதான். ஷூவைக் கழட்டும்போது கூப்பிட்டான், நான் பாத்தேன். என்ன சொன்னான்?"

"சும்மாதான் டீச்சர். பொதுவாப் பேசுனோம்."

"மூணு வாரமா வாயில கொழுக்கட்டை வச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன்."

மன்றம் வாக்கெடுத்தது. தானாகத்தான் போனான். ஒருமனதாக. எழுதி, மடித்து, மேலேயிருந்து போட்டார்கள். காகிதம் ஆடி ஆடி இறங்கியது. அதைப் பிடிக்கும்போது மணி நாலரை. ஒருவரும் அவனை அனுப்பவில்லை என்பதில் இவர்களுக்கு ஏன் இத்தனை உறுதி என்று பொம்முராஜ் யோசித்தபடியே கதவைச் சாத்தினார். ஒவ்வொருவருக்கும் இந்தப் பதில் தேவைப்படுகிறது. அதை எதற்காக வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது.

"இப்ப காலண்டர்ல இருக்குற படம் மாதிரி இருக்கேங்க" என்றாள் கௌமாரி. குரலும் மெலிந்திருந்தது. "பக்கவாட்டுல திரும்புனா இருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன்."

"திரும்பாத. நேரா பாத்துக்கிட்டு இரு."

"எவ்வளவு நேரம்?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உதவியாளரின் மேஜைக்குப் போனார். செண்பகவடிவு மன்றத்தின் கடிதத்தை அளந்தார், படித்தார், தலையசைத்தார். ஒருமனதான கருத்து என்பதால் ஓய்வு உறுதி செய்யப்படுகிறது என்றார். நோட்டீஸும் பசை டப்பாவும் மேஜைமேல் தயாராக இருந்தன. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"படிவத்தைக் கொடுங்க மேடம்."

"அதுல அனுப்பினவர் கையெழுத்துல்ல வேணும்."

"கொடுங்க."

எபி ஆடிய ஒன்பது வருஷத்தில் ஒரு உள்ளூர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. எபி வருவதற்கு முன்பே, கல்யாணத்தன்று மாலையும் கழுத்து மாலையோடு போய் இரண்டாம் பாதி பார்த்தவர் என்று ஊரில் பேச்சு உண்டு. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சு இன்னும் நிற்கவில்லை. அவர் பேனாவை உதறிக்கொண்டு, அனுப்பியவர் என்ற கட்டத்தில் பொம்முராஜ் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

செண்பகவடிவு முத்திரை குத்தினார்.

வெளியே பெஞ்சிலிருந்த இருவரும் எழுந்தார்கள். சால்வையை மடித்து வைத்துவிட்டு, ஒரே நடையாக, பொம்முராஜின் வீடு இருந்த பட்டாளம்மன் கோயில் தெருப் பக்கம் போனார்கள்.

தரை லேசாக அதிர்ந்தது. பொம்முராஜுக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு தூண் எழும்பிக் கூரையைத் தொட்டது. சிமென்ட் தூண். இடுப்பளவுக்குக் காவிப் பெயின்ட். அவர் இடப்பக்கம் நகர்ந்தார். தூணும் நகர்ந்தது.

போனில் கௌமாரியின் குரல் பழையபடி கனமாக இருந்தது. கையை நீட்டினால் சுவர் தட்டவில்லை, ரசம் ஆறிவிட்டது, வரும்போது கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்றாள்.

கேலரிக் கதவுக்குப் பின்னால் ஆட்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. நிறையப் படிகள். வந்துசேர நேரமாகும்.

செண்பகவடிவு பசை டப்பாவை மூடினார். தூணுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"படிவத்துல கேட்கலை சார். நானாக் கேட்கறேன். எப்படி அனுப்புனீங்க? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மேடம். கடைசி மேட்ச் முடிஞ்சு உட்கார்ந்திருந்தான். அன்னைக்கு நாப்பத்தோரு பாயிண்ட் எடுத்திருந்தான். இந்த ஊர்ல அவ்வளவு யாரும் எடுத்தது கிடையாது, அவனே எடுத்தது கிடையாது. என்னைக் கூப்பிட்டான். அண்ணே, நல்லா ஆடுனேனான்னு கேட்டான். ஒம்போது வருஷத்துல அவன் எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பொம்முராஜ் தூணைப் பார்த்துச் சொன்னார்.

"போன வருஷம் மாதிரி இல்லப்பான்னேன்."