பசித்தோர் பூஜ்யம்

திரையில் ‘பசித்தோர்: 0’ என்று வந்ததும் கணினி அறையே கைதட்டியது. கடைசி வரிசையில் ‘புல்லட்’ என்று எல்லோரும் கூப்பிடும் மாணவன் எழுந்து, மேடைக் கலைஞனைப் போலக் குனிந்து வணக்கம் வைத்தான்.

பஞ்சம் பற்றிய வரலாற்றுப் பாடத்துக்கு நான் உருவாக்கிய விளையாட்டு அது. மாணவர்தான் ஊரின் தானியக் கிடங்கு அதிகாரி. இருக்கும் மூட்டைகளை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று வாராவாரம் முடிவெடுக்க வேண்டும். எப்படி முடிவெடுத்தாலும் மனம் உறுத்த வேண்டும். அந்த உறுத்தலுக்காகத்தான் கோடை விடுமுறை முழுவதையும் இதில் கொட்டினேன்.

“எப்படிடா அதுக்குள்ள முடிச்சே?”

“ரொம்ப ஈஸி மேடம். முதல் வாரமே கிடங்கைப் பூட்டிட்டேன். கொஞ்ச நாள்ல பசிக்குதுன்னு சொல்ல ஆளே இல்ல. மூட்டை மிச்சம் வேற, அதுக்கும் போனஸ்!”

“அடப்பாவி, ஊரையே முடிச்சிட்டியா!” என்று முன்வரிசைப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கிடங்கையும் பூட்டினாள். வரிசை வரிசையாகக் கிடங்குகள் பூட்டப்பட்டன.

பசித்தோர் குறைந்தால் மதிப்பெண் என்று விதி எழுதியது நான்தான். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாயை வரைய நாள்கணக்கில் மல்லுக்கட்டியவள், அவள் செத்தால் அதை எங்காவது எண்ண வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். இந்த விளையாட்டைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி அவர் பின்னாலேயே அலைந்திருக்கிறேன்.

“எல்லாரும் நூத்துக்கு நூறா! கட்டுரை கட்டுரைன்னு இதுங்க உயிரை வாங்கிட்டிருந்தோமேம்மா. அடுத்த பருவம் எல்லா வகுப்புக்கும் இதையே போட்டுருவோம்.”

நான் தலையாட்டினால் போதும்.

“வேண்டாம் சார். இது தப்பாப் போச்சு. ஊர்ல ஒருத்தர்கூட மிஞ்சல.”

“விளையாட்டுதானேம்மா?”

கோடை முழுக்க என் கணவரும் இதையேதான் சொன்னார். அவரோடு சண்டையாவது போட முடிந்தது. “சரி, உங்க இஷ்டம்” என்று தலைவர் முகம் சுண்டிப் போய்விட்டார்.

மதிப்பெண்களை ரத்து செய்வதாகச் சொன்னதும் அறை கொதித்தது.

“அநியாயம் மேடம்! விதிப்படிதானே செஞ்சோம்?” என்றான் புல்லட்.

நிஜப் பஞ்சத்தில் ஒரு கிடங்கு அதிகாரி சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். அதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் இத்தனை பாடும்.

“அந்த ஊர்க்காரங்கள்ல ஒருத்தர் பிழைச்சு வந்து உன் முன்னால நிக்கறாங்கன்னு வெச்சுக்க. இதையே அவங்ககிட்ட சொல்லுவியா? யோசிச்சு எழுதிட்டு வா.”

அவன் திரையைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

“இதுக்கு எத்தனை மார்க் மேடம்?”

“மார்க் கிடையாது.”

“அப்ப எதுக்கு மேடம்?”

நக்கல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.