மரக்கட்டைக்குப் பிறகு

தொலைநோக்கியைத் துடைத்துவிட்டு மறுபடியும் கண்ணில் வைத்துக்கொண்டாள். நடுக்கடலில் காற்றாலை நிறுத்துவதற்காக ராட்சத இரும்புக் குழாய்களைக் கடல்தரையில் அடித்து இறக்கும் கப்பல் அது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் திமிங்கிலம், டால்பின்களின் காதைக் கிழித்துவிடும். ஒன்று பக்கத்தில் தலைகாட்டினாலும் ரேடியோவில் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை. கடலை வேடிக்கை பார்க்கவா சம்பளம் என்று கேட்காத ஆளில்லை.

வேலையை வாங்கித் தந்தவன் கொழுந்தன். குழாயை அடிக்கும் சுத்தியலை இயக்குகிறவனும் அவன்தான். அண்ணன் செத்துப்போன பிறகு அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சகிக்க முடியாமல், கண்டவன் காலிலெல்லாம் விழுந்து வாங்கினான். சுவருக்குப் பதில் கடல். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை.

போன வாரம் மிதந்து வந்த மரக்கட்டையைத் திமிங்கிலம் என்று நினைத்துச் சுத்தியலை நிறுத்திவிட்டாள். அரை நாள் வேலை பாழ். அன்றிலிருந்து கப்பலில் அவள் 'மரக்கட்டை அக்கா'. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்று கொழுந்தனிடம் சொன்னார். அவன் மனைவி நிறைமாதம்.

இன்று சுத்தியல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. எப்போதும் அப்படித்தான். பக்கத்தில் ஏதாவது இருந்தால் விலகிப் போகட்டும் என்று முதலில் செல்லமாகத் தட்டுவார்கள், பிறகுதான் முழு அடி. அப்போது கறுப்பாக ஒன்று தெரிந்தது. அசையவில்லை. சத்தத்துக்கு விலகவுமில்லை. கட்டைதான், சனியன் பிடித்த கட்டைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தட்டல் பலத்தது. கறுப்பின் மேல் வெண்மையாக ஒரு மூச்சு எழுந்து கலைந்தது.

"நிறுத்து."

சுத்தியல் நின்றது. மேற்பார்வையாளர் ஓடிவந்து தொலைநோக்கியைப் பிடுங்கினார். அதற்குள் அது முங்கிவிட்டிருந்தது.

"எங்கம்மா? காட்டு! இதுவும் கட்டையா?" ரேடியோவை எடுத்தார். "ஒண்ணும் இல்லப்பா, நீ அடி."

ரேடியோ கரகரத்தது. "அண்ணி சொல்லட்டும் சார். அப்புறம் அடிக்கிறேன்."

அவள் வெறுங்கண்ணால் தண்ணீரைத் துழாவினாள். பயம்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மனதில் ஏதோ ஒன்று.

கொழுந்தன் சுத்தியலை இயக்கும் கூண்டிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றான்.

"எந்தப் பக்கம் அண்ணி?"

கையை நீட்டினாள். அங்கே வெறும் தண்ணீர். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.