முறிந்த பின் விழுந்தவர்கள்

நான் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது எலும்புகளோடு பழகுகிறேன், ஒரு மனிதரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து ஃபைல் என் கணினிக்கு வரும். டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசி குளிரில் எழுத்துகள் மிதக்க ஆரம்பிக்கும். தொடை எலும்பும் விலா எலும்பும் மேசைகளுக்கு நடுவே மெல்ல நீந்திப் போவதாகத் தோன்றும். இதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், இல்லை வேறு டாக்டரை.

எலும்பு முறிவுக்கு எங்களிடம் இரண்டு வழிகள். அடிபட்டு முறிந்தால் எஸ் எழுத்தில் தொடங்கும் எண். நோய் எலும்பை உள்ளிருந்தே அரித்து, அதனால் முறிந்தால் எம். எது என்று நாங்களாக முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எழுதாத ஒன்றை நாங்கள் எழுதினால் அது மன்னிக்க முடியாத தப்பு. சந்தேகம் வந்தால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம். அதிலும் பதிலை அவர் வாயில் ஊட்டிவிடக் கூடாது. நான் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். பக்கத்து சீட்டுக்காரர்கள் எனக்கு ‘தலைமை நீதிபதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்று வந்த ஃபைல் ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுடையது. ‘வீட்டில் விழுந்ததால் தொடை எலும்பு முறிவு’ என்று டாக்டர் எழுதியிருந்தார். எஸ் போட விரல் போய்விட்டது. அதற்குள் நர்ஸின் குறிப்பு கண்ணில் பட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தபோது உள்ளே ‘டக்’கென்று சத்தம் கேட்டது, அப்புறம்தான் விழுந்தேன் என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தச் சத்தத்துக்கும் தரைக்கும் நடுவில் அந்தப் பெண் காற்றில் நிற்பது போலிருந்தது. முந்தானை பறக்கிறது, இன்னும் விழவில்லை, ஆனால் ஏற்கெனவே முறிந்துவிட்டது.

“என்னம்மா, ஒரு ஃபைலுக்கு அரை நாளா?” டீம் லீடர் பின்னால் வந்து நின்றார். அவரும் அவருடைய அவசரமும் ஒன்றாகப் பிறந்தவர்கள்.

“டாக்டருக்குக் கேள்வி அனுப்பணும் சார்.”

“விழுந்தாங்கன்னு தெளிவா எழுதியிருக்காரே!”

“விழுந்தாங்கன்னுதான் எழுதியிருக்கார். முதல்ல எதுன்னு எழுதலையே.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் அனுப்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. மறுபடி சோதித்திருக்கிறார்கள். எலும்பில் நோய் இருக்கிறது, முறிவு அதனால்தான். எம் போட்டேன். ஒரு கேள்வியால் ஒரு பெண்ணின் நோய் வெளியே வந்திருக்கிறது, பெருமைப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

ஏனென்றால் என் அக்கா கையில் கட்டோடு வீட்டில் இருந்தாள். பதினெட்டு நாள் முன்னால் நான் சமையலறையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே ஃபோன் பேசப் போனேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால் அக்கா தரையில் கிடந்தாள், இடது மேல்கை முறிந்திருந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டபோது அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் முந்திக்கொண்டேன். “ஈரத் தரையில வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர், என்னாலதான்.” அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் பார்க்காத ஒன்றை நான் சொன்னேன், தலைமை நீதிபதி!

அன்றிலிருந்து நான்தான் குற்றவாளி. அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன், சாக்கு கிடைத்தால் அழுதேன். அத்தானும் ஃபோனில், “தரையைத் துடைச்சா சொல்றதில்லையா?” என்று ஒரு பிடி பிடித்தார்.

டாக்டரின் பதில் வந்த அன்றே அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். வெயில் அவள் மடியில் பூனை மாதிரிப் படுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பதிலை ஊட்டாமல், வேலையில் கேட்பதைப் போலவே கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணொண்ணா சொல்லு.”

“நீதான் டாக்டர்கிட்ட ஒப்பிச்சியே.”

“நான் பார்க்கலை. நீ சொல்லு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“மேல் அலமாரியில அரிசி டப்பா. அதை இழுத்தேன். கை உள்ள ஏதோ உடைஞ்ச மாதிரி சத்தம். கண்ணு இருட்டிச்சு. அப்புறம் தரை.”

“வழுக்கலையா?”

“நான் நின்ன இடம் காஞ்சிருந்துச்சுடி.”

“பதினெட்டு நாளா ஏன் சொல்லலை? நான் அழுது செத்துட்டிருந்தேனே!”

“சொன்னா, அப்புறம் ஏன் உடைஞ்சுதுன்னு கேப்பாங்க இல்ல?” அக்காவின் குரல் இறங்கியது. “முதுகும் ரெண்டு மாசமா வலிக்குது. எனக்குப் பயமா இருந்துச்சு. நீ தண்ணி சிந்தினதாவே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்.”

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. முறியாத கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, அவசரப் பிரிவில் பார்த்த அதே டாக்டரிடம் போனோம். பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டே, “வழுக்கி விழுந்தீங்க, இல்லையா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு ‘ஆமா’ போதும், அவள் வெறும் கை முறிந்தவளாக வீட்டுக்குத் திரும்பலாம். நான் தரையைச் சரியாகத் துடைக்காத தங்கையாகக் கடைசி வரை இருந்துவிடலாம். அந்தக் குற்றத்தை என்னிடமே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது.

“இல்ல டாக்டர்,” என்றேன். “அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். முதல்ல முறிஞ்சிருக்கு. அப்புறம்தான் விழுந்திருக்காங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக என் மேல் எந்தத் தப்பும் இல்லை. அக்காவின் தோளில் முகம் புதைத்து, அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே அழுதேன்.