இரண்டு விரல் உயரம்

நான், என் மனைவி கனி, மாடிப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக மாடி வீட்டு ராயப்பன், மீன் கழுவிய தண்ணீரைக் கொட்ட வந்த வீட்டுச் சொந்தக்காரி தெரேசம்மா, இவ்வளவு பேர்தான் அந்த உச்சி வெயிலில் எங்கள் முடுக்குச் சந்தில் இருந்தோம், ஐந்தாவதாக என் சைக்கிள், ஸ்டாண்டில் நின்றது, அதன்மேல் ஆள் இல்லை, பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் இறங்கிப்போன சக்கரம், கம்பிகள் வெயிலை வெட்டி வெட்டிச் சுவரில் எறிந்தன, ஃபிரீவீல் டிக் டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டே இருந்தது, ராயப்பனின் சட்டைக் காலர் என் கையில் இருந்தது, அவன் கண்ணை நான் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தேன், இப்போது பாயில் படுத்துக்கொண்டு நினைக்கும்போது அது இன்னும் நிற்கவில்லை என்றே தோன்றுகிறது.

முதலில் சீட்டில்தான் தொடங்கியது, தினமும் ஓட்டுகிறவனுக்குச் சீட்டின் உயரம் தொடைக்குத் தெரியும், துறைமுகச் சாலை ஐஸ் பிளான்டில் எனக்கு இரவு ஷிப்ட், சாயங்காலம் போவேன், காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு மத்தியானம்வரை செத்த மாதிரி தூங்குவேன், அப்படித் தூங்கி எழுந்து ஒரு நாள் சாயங்காலம் ஏறி உட்கார்ந்தேன், கால் நுனிதான் பெடலுக்கு எட்டியது, இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, இறங்கிக் கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு விரல் ஏறியிருந்தது. மிக்கேலின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன், மிக்கேல் சீட்டுக்கு அடியிலிருந்த லீவரைத் திறந்து மூடிப் பார்த்தான், நல்லாத்தான ஓய் இருக்கு, லீவர் தேஞ்சா சீட்டு கீழ இறங்கும், மேல ஏறுமா, உம்ம சைக்கிள் வளருது, நீருதான் வளரல, என்றான், பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உயரமில்லை, என் கல்யாணப் போட்டோவைப் பார்த்தாலே தெரியும், போட்டோக்காரன் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கனியைப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்திருப்பான், அதனால் சீட்டை ஏற்றியவன் என்னைவிட உயரமானவன், பகலில் வீட்டில் இருக்கிறவன், ராயப்பன் ஆறடி, வெள்ளையடிக்கிற வேலை, பாதி நாள் வேலை இருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது, தேடினால் கிடைக்காமல் இருக்குமா. நான் கியரை இலகுவில் விட்டுவிட்டு வருவேன், சாயங்காலம் அது கனத்த பல்லில் கிடக்கும், அதை மிதிக்க என் கால் திணறும், என்னைவிட வலுவான கால், அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். என் ஹெல்மெட்டை முகர்ந்தேன், சைக்கிளுக்கு ஹெல்மெட் போடுகிறவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விண்வெளிக்குப் போறாரு என்பார்கள், உள்பஞ்சில் என் வியர்வைக்கு மேலே தேங்காயெண்ணெய் வாடை, நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, எங்கள் வீட்டு எண்ணெய் வாடை அது, ஆக அவனுக்கு எண்ணெயும் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். மட்கார்டுக்கு உள்பக்கம் சாம்பல்நிறச் சேறு, காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு, நாக்கில் வைத்தேன், உப்பு, நான் போவது தார்ச்சாலை, உப்பு லாரிகள் தண்ணீர் ஒழுகவிட்டுப் போகும்தான், ஆனால் சேறு கிடையாது, இது உப்பளத்து வரப்புச் சேறு, இந்தச் சைக்கிள் நான் போகாத வழியில் போய்விட்டு வருகிறது.

பூட்டலாமே என்று மிக்கேல் சொன்னான், ஒரு சங்கிலி வாங்கிப் போட்டா முடிஞ்சுது சோலி. பூட்டினால் வருகிறவன் வரமாட்டான், வராதவனை எப்படிப் பிடிப்பது. நான் பூட்டை நம்பாதவன் இல்லை, ஐஸ் பிளான்டில் கதவுகளைப் பூட்டி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி, வீட்டிலும் அப்படித்தான், பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் என்னால் நகர முடியாது, கனி முதலில் சிரிப்பாள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். பூட்டுக்குப் பதிலாக வேறு ஏற்பாடு செய்தேன், காலையில் சைக்கிளை நிறுத்தும்போது முன்சக்கரத்தில் காற்றடிக்கிற வால்வு நேர் கீழே, தரையைத் தொடுகிற இடத்தில், சிமெண்டுப் பிளவுக்கு மேல் இருக்கும்படி நிறுத்துவேன், தெருவில் போகிறவனுக்கு அது தெரியாது, எடுத்தவன் திரும்ப நிறுத்தும்போது வால்வு எங்கேயாவது நிற்கும், அதுவே சாட்சி. மத்தியானம் எழுந்ததும் குனிந்து பார்ப்பேன், வால்வு கீழேதான் இருக்கும், பிளவுக்கு மேலேதான், ஒரு நாள்கூட நகரவில்லை, ஆனால் சங்கிலியைத் தொட்டால் சூடாக இருக்கும், நிழலில் நின்ற சைக்கிளுக்கு ஏது சூடு, அப்படியானால் வருகிறவனுக்கு வால்வு விஷயமும் தெரியும், வால்வு விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், பிறகு என்னோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவள்.

அந்த நாட்களில் தூங்கியும் தூக்கம் தீரவில்லை, தூக்கத்திலும் ஓட்டிக்கொண்டே இருப்பேன், பின்னால் கேரியரில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், திரும்பினால் விழுந்துவிடுவேன் என்பதால் திரும்பமாட்டேன், கனம் மட்டும் தெரியும், முழித்தால் காலில் சதை பிடித்திருக்கும், முழிப்பிலும் அதே சாலைதான், எங்கள் ஊரில் சாயங்காலம் கடலிலிருந்து காற்று வரும், நான் கடலைப் பார்த்துப் போகிறவன், முகத்தில் அடிக்கும், காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகும், நான் கரையைப் பார்த்து வருகிறவன், அப்போதும் முகத்தில் அடிக்கும், போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று, டிரெய்லர் லாரி கடக்கும்போது ஒரு நொடி காற்றை நிறுத்திவிட்டு அடுத்த நொடி இரட்டிப்பாகத் திருப்பித் தரும், ஹாண்டில் இடது பக்கம் ஓடும், மணலில் ஏறும், டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவான். யாரையும் நம்பிச் சாலையில் ஓட்ட முடியாது, பஸ் நிற்கும் என்று நினைத்தால் நிற்காது, கதவு திறக்காது என்று நினைத்தால் திறக்கும், அப்படியே ஏழெட்டு வருஷம் ஓட்டியவன் வீட்டுக்குள் வந்ததும் எப்படி நம்ப ஆரம்பிப்பான், சொல்லுங்கள். கனியைக் கட்டிய புதிதில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று கேட்டாள், அங்கே போர்மேன்கள் எப்படி, லாரிக்காரர்கள் எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், இங்கிருந்து போகப் பஸ்ஸும் கிடையாது என்றேன், அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

வேலையை விட்டது தூக்கத்தால்தான், கதவுகளை இழுத்துப் பார்க்க வேண்டியவன் ஒரு கதவில் சாய்ந்தே தூங்கிவிட்டேன், விடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் எழுப்பினான், வீட்ல தூங்கிட்டு வாரும், என்றான், எனக்கு வந்த கோபத்தில் சாவிக்கொத்தை அவன் மேஜையில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன், எதிர்க்காற்றில் வந்து, வால்வைக் கீழே வைத்து, கனி கொடுத்ததைச் சாப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாயில் படுத்து, தூங்குகிற மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது, வெளியே பூட்டு விழுந்தது, முடுக்கில் டிக் டிக் டிக், தேய்ந்து போய்விட்டது. எழுந்து அடுப்படியைப் பார்த்தேன், கனி இல்லை, கதவை இழுத்தேன், வரவில்லை, அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாளும் பூட்டிய வீட்டுக்குள்தான் நான் தூங்கியிருக்கிறேன். கூப்பாடு போடலாம், போடவில்லை, காத்திருந்தேன், வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன், சுவரில் கனி மாட்டிய கண்ணாடியில் என் நெற்றியும் முடியும் மட்டும் தெரிந்தன, எக்கினால்தான் கண் தெரிந்தது, அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ராயப்பனும் அவளும் எங்கே போயிருப்பார்கள், உப்பளத்தில் யார் வீடு, சைக்கிளின் முன் பாரில் உட்கார்ந்து போனாளா, கேரியரிலா, இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் டிக் டிக் திரும்பி வந்தது, ஜன்னலுக்கு ஓடினேன், ஜன்னல் கம்பிக்கு இடையில் தெரிந்தது ராயப்பன், அவன் கை என் சீட்டின்மேல், பக்கத்தில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, அதே நேரம் பூட்டுத் திறந்தது, வாசலில் நின்ற கனியை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்து அவன் காலரைப் பிடித்தேன், சைக்கிள மட்டுந்தான் எடுத்தியால, இல்ல என் பொண்டாட்டியையும் சேத்து எடுத்தியா, என்றேன், தெரேசம்மாவின் சட்டியிலிருந்து மீன் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது, சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது அண்ணாச்சி, என்றான் ராயப்பன், பின்சக்கரம் சும்மா சுத்திட்டுக் கெடந்துச்சு, நிப்பாட்டலாம்னு சீட்டுல கைய ஊனுனேன், அவ்வளவுதான். கனி குரலை உயர்த்தவில்லை, அவர விடுங்க, நான்தான் ஓட்டுதேன், என்றாள். உனக்கு எங்க சைக்கிள் தெரியும், என்றேன். தெரேசம்மா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முடுக்குல கெடக்க நாய்க்குத் தெரியும், உமக்குத்தான் தெரியல, என்றாள், பிள்ள உப்புக் கம்பெனிக்குப் போய் மத்தியானம் வரைக்கும் பாக்கெட் ஒட்டிட்டு வருது, நீரு காலரப் புடிக்கீரு. ராயப்பன் சட்டையைச் சரிசெய்துகொண்டு மாடிக்கே திரும்பிப் போனான், எதற்கு இறங்கி வந்தான் என்று இன்னும் சொல்லவில்லை, நான் அதையும் மறக்கவில்லை. கனி சைக்கிளின் பக்கத்தில் நின்றாள், சுடிதாரின் கால் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு, நாங்கள் இரண்டு பேரும் அப்படி அருகருகே நின்று வெகுநாளாகிவிட்டது, அவள் கண்ணைப் பார்க்க என் தலையைத் தூக்க வேண்டியிருந்தது, இரண்டு விரல்.

சாயங்காலம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எப்பத்துல இருந்து போற, என்றேன். தை முடிஞ்சதுல இருந்து, என்றாள், பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள்ல அஞ்சு வருசம் ஓட்டுனவதான் நான், நீங்க கேக்கல, நான் சொல்லல. சீட்ட எதுக்கு ஏத்துன. எட்டலன்னா முட்டி வலிக்கும், எறக்கித்தான் வைப்பேன், சில நாள் மறந்துரும். வால்வ எப்படிக் கீழ வச்ச, என்றேன், உண்மையிலேயே எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே சொன்னாள், நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்தத ஜன்னல் வழியா பாத்துட்டேன், அதுக்கப்புறம் வந்ததும் வால்வ வச்சிட்டுத்தான் கதவத் தொறப்பேன், அந்த வால்வப் பாத்த நேரத்துக்கு என் மொகத்த ஒரு நாள் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், உப்புவெயில்ல எப்படிக் கறுத்துப் போயிருக்கேன்னு. பார்த்தேன், கறுத்துத்தான் இருந்தாள், மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது, ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது, எனக்குத் தெரிந்தது, வாயைத் திறந்தேன், அந்தப் போர்மேன் பேரு என்ன, என்று கேட்டேன். கனியின் கை நின்றது, பிறகு மறுபடியும் உருவ ஆரம்பித்தது, கீரை முடிந்ததும், நீங்க இன்னிக்கு வேலைக்குப் போகலையா, என்றாள். விட்டுட்டேன், என்றேன். அப்ப இனிமே பகல்லயும் முழிச்சிருப்பிய, என்றாள், கோபமே இல்லாமல், மழை வருமா என்று கேட்பதுபோல.

விடிந்தபோது முழித்தேன், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை, தூங்குகிற மூச்சு எனக்கு இப்போது நன்றாக வரும். கதவு திறந்திருந்தது, வெளியே அவள் சைக்கிளை ஸ்டாண்டில் வைத்துத் தயார்செய்வது இமைக்கு நடுவில் தெரிந்தது, லீவரைத் திறந்தாள், சீட்டை ஏற்றினாள், மறைக்காமல், நிதானமாக, கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பையைக் கேரியரில் வைத்து என் ரப்பர் கயிற்றாலேயே கட்டினாள், பை ஆடுகிறதா என்று பார்க்கப் பெடலை ஒரு தட்டு தட்டினாள், பின்சக்கரம் சுற்றியது, ஆள் இல்லாமல், அதே சக்கரம், அதே டிக் டிக் டிக், நேற்று அது யாரோ இறங்கிப்போன சக்கரமாக இருந்தது, இன்று ஏறப்போகிறவள் பக்கத்திலேயே நின்றாள். முன்சக்கரத்தில் வால்வு எங்கே நின்றது என்று பார்த்தேன், பக்கவாட்டில் நின்றது, இனி அதைக் கீழே கொண்டுவர யாருக்கும் அவசியமில்லை. வாசலுக்கு வந்தாள், முழிச்சிட்டுத்தான் இருக்கிய, எனக்குத் தெரியும், என்றாள், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போறேன், அங்கேருந்தே வேலைக்குப் போய்க்கிடுவேன், சாவியத் தெரேசம்மாக்காகிட்டக் குடுத்துருதேன், வெயில் ஏறுனதும் வந்து தொறந்து விடுவாவ, அதுவரைக்கும் நீங்க என் பின்னாடியே வர முடியாதுல்லா, அதுக்குத்தான். நான் மூச்சை அப்படியே வைத்திருந்தேன், ஒரு வார்த்தை சொன்னால் நிற்பாளோ என்று தோன்றியது, எனக்கு வந்ததெல்லாம் கேள்விதான், அக்கா வீடுதானா, வேறு யாரும் அங்கே உண்டா.

இப்போது அவள் துறைமுகச் சாலையில் போய்க்கொண்டிருப்பாள், காலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், அவளும் கடலைப் பார்த்துத்தான் போகிறாள், காற்று அவள் முதுகில், மத்தியானம் திரும்பி வந்த நாட்களிலெல்லாம் கடற்காற்று வந்திருக்கும், அப்போதும் முதுகில், உப்பளத்து வரப்பு பிரியும்வரை அதே சாலை, அதே சைக்கிள், எனக்கு இரண்டு பக்கமும் எதிராக அடித்த காற்று அவளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, கனத்த பல்லில் ஓட்ட முடிந்தது அதனால்தானோ, இல்லை, கால்தான், கால் வலு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தெரேசம்மா இன்னும் வரவில்லை, முடுக்கில் மீன்காரி கூவுகிறாள், மாடியில் ராயப்பன் நடக்கிற சத்தம் கேட்கிறது, கேட்டவரை அவன் வீட்டில்தான் இருக்கிறான், எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது, அவள் பெடலை மிதிப்பதற்கு முன்னால் இந்த அறையில் வெளிச்சம் குறுகிக் குறுகி ஒரு கோடானதைப் படுத்தபடியே பார்த்தேன், கோடும் போனது, அவள் கதவைச் சாத்தினாள், வெளியே பூட்டினாள், பூட்டிவிட்டு, நான் செய்வதுபோலவே, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.