கிளறாத உரக்குழி

முதல் மாடித் தையல்காரம்மாவுக்கு மூக்கில் ஏதோ கோளாறு என்றுதான் குடியிருப்பே பேசிக்கொண்டது. பின்னே? காய்கறித் தோலும் சருகும் கொட்டுகிற பொது உரக்குழிப் பக்கம் போனாலே எல்லாரும் மூக்கைப் பொத்துகிறார்கள். அவள் மட்டும் குழியோரம் உட்கார்ந்து மோந்துகொண்டிருக்கிறாள்.

விஷயம் வேறு. போன மாதம் ஒத்தாசைக்கு வந்த தங்கைக்காரி, சும்மா இராமல் ஃப்ரீசரைத் துடைத்தாள். பாறையாய் உறைந்து கிடந்த ஒரு டப்பா சூப்பைக் குழியில் கவிழ்த்தாள். "ஆறு மாசப் பழசுக்கா! குப்பை லாரிக்குக்கூடப் போடலை, உரமாகட்டும்னு..." என்று பெருமை வேறு. அது தையல்காரம்மாவின் புருஷன் கடைசியாக வைத்த சூப். மறுநாள் குடிக்கலாமென்று எடுத்து வைத்தவர், மறுநாள் இல்லை. அவளுக்கு அதைக் குடிக்கவும் மனசு வரவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை.

அன்றிலிருந்து குழியைக் கிளற அவள் யாரையும் விடவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் ஆவி எழும். அதில் மிளகும் பூண்டும் மணக்கும். நடுவே, சூட்டை ஊதி ஊதி ஆற்றுகிற ஒரு மூச்சு. அவளுக்கு மட்டும் கேட்டது.

காற்றுப் படாமல் குப்பை புளித்தது. எலி வந்தது. மூன்றாம் மாடி நர்ஸ் பஞ்சாயத்துக்கு இறங்கி வந்தாள்.

"நாளைக்கு லாரி வருதுக்கா. மொத்தமா அள்ளி ஊருக்கு வெளிய குப்பைமேட்டுல கொட்டிடுவாங்க."

"அய்யோ, அங்கயா? பழைய டயரோடயும் டயப்பரோடயுமா?"

"அப்போ சாயங்காலத்துக்குள்ள கிளறி, காஞ்ச சருகு போடு. லாரிய நான் திருப்பி அனுப்பறேன்."

"கிளறினா வாசனை போயிடுமே!"

"போகணும்னுதானே தாயே சொல்றேன்!" நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டாம் மாடி ஜன்னலில் மூன்று தலைகள் முளைத்தன. தையல்காரம்மா மண்வெட்டியை ஓங்கினாள், இறக்கவில்லை. குனிந்து, "வலிச்சா சொல்லுங்க" என்றாள். ஜன்னலில் ஒரு சிரிப்பு பாதியில் நின்றது. முதல் வெட்டில் குழிக்குள் அந்த மூச்சு நீளமாக இழுத்தது. அடுத்த வெட்டுக்குக் கேட்கவில்லை.

லாரி வந்த வழியே போனது. ஒரு வாரம் கழித்து நர்ஸ் ஒரு பிடி அள்ளி மோந்தாள். "பாரு, நல்ல மண்வாசனை!"

தையல்காரம்மாவும் மோந்தாள். மண்தான். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். இப்போதுதான் கழற்றிப் போட்ட சட்டையில் இருக்குமே, அந்தச் சூடு.

"கையை எடுக்கா. புழு இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள்.